நான் ஆட்டிக்காட்டிய கை

நான் மீன் வெட்டுகிறவள். சதுரங்கப்பட்டினம் மீன் சந்தையில், உள்ளே நுழைந்ததும் வலது பக்கம், உட்கார்ந்து வெட்டுகிற இரண்டாவது கல் என்னுடையது. விற்கிறவர்கள் வேறு, வெட்டுகிறவர்கள் வேறு. மீனை அவர்களிடம் வாங்கி எங்களிடம் கொண்டுவருவார்கள். செதில் உரசி, செவுள் பிடுங்கி, குடல் எடுத்து, கேட்ட மாதிரி துண்டு போட்டுக் கொடுப்போம். வஞ்சிரத்தை விரல் கனத்துக்குப் போடச் சொன்னால் தலைப்பக்கத் துண்டும் வால்பக்கத் துண்டும் ஒரே கனமாக இருக்க வேண்டும். என் கல்லில் அப்படித்தான் இருக்கும். கல்பாக்கம் டவுன்ஷிப்காரர்கள் பக்கத்துக் கல் சும்மா கிடந்தாலும் எனக்காக வரிசையில் நிற்பார்கள். பெருமைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

குடிப்பேன். அதையும் சொல்லிவிடுகிறேன். ஐஸில் கைவைத்துக் கைவைத்து விரல் மரத்துப்போகும். குத்தவைத்து உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொள்ளும். சந்தையில் இன்னும் இரண்டு மூன்று பேர் எடுத்துக்கொள்வார்கள், நானும் எடுத்துக்கொண்டேன். இதில் பெரிய கதை ஒன்றும் இல்லை. முதலில் வேலை முடிந்த பிறகு. அப்புறம் வேலைக்கு நடுவில். கடைசி ஆறேழு வருஷம் விடியற்காலையில், அரிவாள்மணையைக் கழுவிப் போடுவதற்கு முன்னாலேயே குவாட்டரில் பாதி. அது உள்ளே போகாவிட்டால் கை ஆடும். போனதும் கை நின்றுவிடும். ஆகவே அது எனக்கு மருந்து என்று ஆகிவிட்டது. கை ஆடுவது வாதத்தால், வயசானால் வருவது, என் அம்மாவுக்கும் இருந்தது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். அம்மாவுக்கு இருந்ததா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை.

காந்தி பிறந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அன்றைக்குச் சரக்குக் கடை திறக்காது என்று தெரிந்து முந்தின நாளே ஒன்று வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்தேன். வைத்ததை அன்றைக்கே குடித்துவிட்டேன். ஞாயிறு காலையில் சந்தையில் நிற்க இடம் இல்லை. ஒரு டவுன்ஷிப் அம்மா வவ்வால் மீன் இரண்டு கொடுத்தார்கள். வெட்டினேன், பையில் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் பையைத் திறந்து பார்த்துவிட்டு, இது மீன் ரத்தம் மாதிரி இல்லையே என்றார்கள். குனிந்து பார்த்தால் என் இடது கை நடுவிரலின் நுனியில் கொஞ்சம் போயிருந்தது. விரல் மரத்திருந்ததால் எனக்கு வலி தெரியவில்லை.

என் மருமகள் பின்னால் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்தாள். என் கையைப் பார்த்தாள், துணி கிழித்துக் கட்டினாள், அந்த அம்மாவின் மீனுக்குப் பதில் வேறு மீன் வாங்கிக் கொடுத்தாள். அப்புறம் என் தோளைப் பிடித்து எழுப்பி ஓரமாக உட்காரவைத்துவிட்டு, என் கல்லில் அவள் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்து நின்றவரிடம், "உங்களுக்கு இன்னாண்ணா, குழம்பா வறுவலா?" என்று கேட்டாள். அவரும் அவளிடமே மீனைக் கொடுத்தார்.

என் மகன் படகு இன்ஜின் பழுது பார்க்கிறவன். அதிகம் பேசமாட்டான். சாயங்காலம் வந்து, மாமல்லபுரம் தாண்டி ஓர் இடம் இருக்கிறது, நாற்பத்தைந்து நாள் உள்ளேயே தங்க வேண்டும், பொம்பளைகளுக்குத் தனி இடம் உண்டு என்று சொன்னான். நான் வாயைத் திறப்பதற்குள் முடிவையும் சொல்லிவிட்டான்.

"போயிட்டு வா. கை நின்னுதுன்னா கல்லு உன்னுது. நிக்கலன்னா அவளுது. நடுவுல நான் வரமாட்டேன்."

சரி என்றேன். வாதத்துக்கு வைத்தியம் பார்க்கப் போகிறேன் என்று சந்தையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினேன்.

சவுக்குத் தோப்புக்குள் இருக்கிறது அந்த இடம். கடல் சத்தம் கேட்கும், கடல் தெரியாது. பெண்கள் பக்கத்தில் ஆறு கட்டில், நான்கில்தான் ஆள். போனவுடன் பையைக் கொட்டி, இருமல் மருந்து, தலையணை என்று ஒவ்வொன்றையும் சோதித்தார்கள். வெற்றிலைப் பையைக்கூட விரித்துப் பார்த்தார்கள். முதல் ஐந்து நாள் மாத்திரையும் ஊசியுமாகப் போயிற்று. புடவை வேர்த்து நனையும், மாற்றினால் அதுவும் நனையும். மூன்றாம் நாள் சுவரில் நண்டு ஏறியது. எனக்கு நண்டு என்றால் பயம் இல்லை, எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நர்ஸ் பெண், இங்கே நண்டு ஒன்றும் இல்லை ஆயா என்றாள். எனக்கா நண்டு தெரியாது, நீ கல்லு நண்டுக்கும் நீல நண்டுக்கும் வித்தியாசம் சொல்லு பார்ப்போம் என்று அவளிடம் சண்டைக்குப் போனேனாம். ஆறாம் நாள் நண்டுகள் போய்விட்டன. எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அன்றைக்கு டாக்டரம்மா கூப்பிட்டார்கள். என் மகள் வயசு இருக்கும். இரண்டு கையையும் நீட்டச் சொல்லி விரல்மேல் ஒரு காகிதத்தை வைத்தார்கள். காகிதம் ஃபேன் காற்றில் அடித்த மாதிரி படபடத்தது, ஃபேன் ஓடவில்லை. பிறகு அதே காகிதத்தை மேஜையில் போட்டு, முறுக்கு சுற்றுவதுபோல் நடுவில் ஆரம்பித்து வெளியே வெளியே சுற்றிக்கொண்டு வாங்க என்றார்கள். பேனா பிடித்து எனக்குப் பழக்கம் இல்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள். இன்றைக்கும் எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். எப்படியோ சுற்றினேன். கோடு முழுக்கப் பொடிப் பொடியாகப் பல் வைத்திருந்தது. வாரம் ஒருமுறை இதைப் போடச் சொல்வேன், கை எப்படிப் போகிறது என்று அதில் தெரியும் என்றார்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூட்டம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், வட்டமாக நாற்காலி. ஒவ்வொருவராக எழுந்து, நான் ஒரு குடிநோயாளி என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். கூட்டம் நடத்துகிற தம்பியும் ஒரு காலத்தில் அங்கே படுத்திருந்தவராம். என் முறை வந்ததும் நான் எழுந்து, எனக்கு வாதம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அந்தத் தம்பி மறுத்துப் பேசினால் பதில் பேசலாம் என்று தயாராக இருந்தேன். அவர் மறுக்கவில்லை. சரிம்மா, அடுத்தவங்க என்று போய்விட்டார். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர்தான், கடப்பாக்கத்துக்காரர், "எனக்கும் பத்து வருஷமா அதே வாதந்தான் ஆயா, குவாட்டர் வாதம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அதற்கப்புறம் தினமும் எழுந்து, சத்தமாகவே, எனக்கு வாதம் என்று சொன்னேன்.

பதினோராம் நாள் நாலு மணி டீ வந்தது. அதுவரைக்கும் எனக்கு டம்ளரில் பாதிதான் ஊற்றுவார்கள், இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பேன். அன்றைக்கு ஊற்றுகிறவள் புதுசு, தளும்பத் தளும்ப ஊற்றிக் கொடுத்துவிட்டாள். ஒரு கையால் வாங்கினேன். நடந்துபோய்க் கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. டம்ளரை நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். கை கல்லு மாதிரி நின்றது.

சந்தோஷம் வர வேண்டும், இல்லையா? கல் என்னுடையது என்றுதானே அர்த்தம். எனக்குப் பகீரென்றது. இங்கே எனக்கு எண்ணெய் போட்டு உருவிவிட்டவர் யாரும் இல்லை. கஷாயம் கொடுத்தவரும் இல்லை. பதினோரு நாள் குடிக்கவில்லை, கை நின்றுவிட்டது. அப்படியென்றால் வாதம் என்று இத்தனை வருஷம் சொன்னது என்ன? முப்பது பேருக்கு முன்னால் தினமும் எழுந்து சொன்னது என்ன? கடப்பாக்கத்துக்காரர் சிரித்தது சரி என்று ஆகிவிடும்.

டம்ளரைக் கொஞ்சம் சாய்த்துத் தரையில் கொட்டினேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு டீச்சரம்மா இருந்தார்கள். படூரில் அடுக்குமாடி வீடு, காலேஜில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர்கள். படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை இறக்கி என்னைப் பார்த்தார்கள்.

"அக்கா, டீயை வேணும்னே கொட்டினீங்களா?"

"கை ஆடுதே, கண்ணு தெர்ல உனுக்கு?"

"இப்பதான் ஆடுது. கொட்டின அப்புறம்."

நான் துணி எடுத்துத் தரையைத் துடைத்தேன். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. தானாகவே ஒன்று சொன்னார்கள். ஐந்து வருஷம் வோட்காவை இஸ்திரிப் பெட்டிக்கு ஊற்றுகிற தண்ணீர் பாட்டிலில் வைத்திருந்தார்களாம். ஒருநாள் வீட்டுக்காரர் அதைப் பெட்டியில் ஊற்றிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். பாவம், பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடாத மனுஷன். "மண்டபத்துல எல்லாரும் அவரைத்தான் ஒருமாதிரி பாத்தாங்க. அப்பகூட நான் வாயைத் திறக்கலை" என்றார்கள். நான் சிரித்துவிட்டேன். சிரித்தாலும் ஒத்துக்கொள்ளவில்லை.

என் கணக்கு இப்படி இருந்தது. இங்கே இருக்கிற வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டிருப்பது. வீட்டுக்குப் போன பிறகு, கடல் காற்றுக்கு வாதம் தானாக இறங்கிவிட்டது என்று சொல்லி நிறுத்திக்கொள்வது. கல்லும் கிடைக்கும், பேச்சும் கெடாது. இதில் ஓட்டை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஆட்டுவது லேசான வேலை இல்லை. தானாக ஆடும்போது நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இப்போது சாப்பிடும்போது, தலை சீவும்போது, மாத்திரை வாங்கும்போது என்று எப்போதும் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். ஒருநாள் பேச்சு சுவாரசியத்தில் டீச்சரம்மாவுக்கு ஆறுகால் பின்னல் பின்னிவிட்டேன். முடித்து ரப்பர் போடும்போதுதான் ஞாபகம் வந்தது. அவர்கள் கண்ணாடியில் பின்னலைப் பார்த்துவிட்டு, உங்க வாதத்துக்கு நல்லா பின்ன வருது அக்கா என்று மட்டும் சொன்னார்கள்.

டாக்டரம்மாவிடம் முறுக்கு போடும்போது இன்னும் கஷ்டம். பதின்மூன்றாம் நாளும், இருபதாம் நாளும், இருபத்தேழாம் நாளும் பேனாவை இங்கேயும் அங்கேயும் இழுத்து இழுத்துச் சுற்றினேன். ஒவ்வொரு தடவையும் அவர்கள் பழைய காகிதத்தையும் புதுக் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்கள். நெற்றியைச் சுருக்கினார்கள். நடக்கச் சொன்னார்கள், மூக்கைத் தொடச் சொன்னார்கள், மணிக்கட்டைப் பிடித்து மடக்கி மடக்கிப் பார்த்தார்கள். நம்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். நம்பித்தான் இருந்தார்கள்.

நான்கு வாரம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை என் மகன் பார்க்க வந்தான். இரண்டு பேரையும் டாக்டரம்மா அறைக்கு அழைத்தார்கள். நாலு காகிதத்தையும் மேஜையில் வரிசையாகப் பரப்பியிருந்தார்கள். முதல் காகிதத்தில் நடுக்கம் பொடியாக இருக்கிறது, அது குடியை நிறுத்தினால் வருவது, இந்நேரம் போயிருக்க வேண்டும், அடுத்த மூன்றிலும் இருப்பது பெரிய நடுக்கம், இது வேறு மாதிரி என்று அவனுக்குக் காட்டினார்கள். அப்புறம் என் பக்கம் திரும்பினார்கள்.

"நீங்க சொன்னது சரியாக்கூட இருக்கலாம்மா. இது குடியால வந்த மாதிரி தெரியலை."

ஒரு நிமிஷம் என் மனசு குளிர்ந்தது. மகன் பக்கம் திரும்பி, கேட்டியா என்பதுபோல் பார்த்தேன். டாக்டரே சொல்லிவிட்டார்கள். சாயங்காலக் கூட்டத்தில் இதை எப்படிச் சொல்வது என்றுகூட ஓடியது.

டாக்டரம்மா மேலே பேசிக்கொண்டே போனார்கள். நரம்பாக இருக்கும் என்று தோன்றுகிறது. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன், தலையை ஸ்கேன் எடுத்து நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள். சில நடுக்கம் மருந்தில் குறையும், நிற்காது. கத்தி, அரிவாள்மணை எதையும் இனிமேல் அம்மா தொடக் கூடாது. இதையும் சீட்டில் எழுதிவிடுகிறேன். பேனாவை எடுத்து எழுதவும் ஆரம்பித்தார்கள்.

என் மகன் கொஞ்ச நேரம் காகிதங்களையே பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. என்மேல் பாவப்பட்டுவிட்டான் என்று தெரிந்தது, எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"சரி மேடம். அவகிட்ட சொல்லிடறேன். வஞ்சிரத்துக்குப் பெரிய கத்தி ஒண்ணு ஓணும்னு கேட்டுகினே இருந்தா, அம்மா வரட்டும்னு நிறுத்தி வெச்சிருந்தேன். வாங்கிக் குடுத்துர்றேன்."

டாக்டரம்மா பாதிச் சீட்டு எழுதியிருந்தார்கள். எனக்குப் படிக்க நேரம் பிடிக்கும், ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று தெரியும். அந்தச் சீட்டு வீட்டுக்குப் போனால் அப்புறம் என் கை ஆடினாலும் ஒன்று, ஆடாவிட்டாலும் ஒன்று.

"ஒரு காய்தம் குடும்மா" என்றேன்.

எதற்கு என்று கேட்டார்கள். குடு என்றேன். மகன் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்தேன். நடுவில் புள்ளி வைத்துச் சுற்ற ஆரம்பித்தேன். அவசரப்படவில்லை. ஒரு சுற்று, இரண்டு சுற்று, இடைவெளி மாறாமல், காகிதத்தின் ஓரம் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினேன். பிறகு இரண்டு கையையும் நீட்டி, அந்தக் காகிதத்தை நானே விரல்மேல் வைத்துக்கொண்டேன். அது அசையவில்லை.

டாக்டரம்மா சீட்டின்மேல் பேனாவை வைத்துவிட்டு, எப்போதிலிருந்து என்று கேட்டார்கள். பதினோராம் நாளிலிருந்து என்றேன். அப்போ இதெல்லாம் என்று மூன்று காகிதத்தையும் தொட்டார்கள். நான்தான் ஆட்டினேன் என்றேன். ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை. தினமும் கூட்டத்தில் நான் சொல்வது அவர்கள் காதுக்கும் போயிருக்கும்.

மகன்தான் கேட்டான்.

"அப்போ வாதம்?"

"வாதமும் இல்ல, ஒண்ணியும் இல்ல. குடிதான் நைனா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். "டாக்டரையே ஏமாத்தி ஸ்கேன் வரிக்கும் கொண்டாந்துட்டியேம்மா" என்றான். டாக்டரம்மா சிரிக்கவில்லை. பாதி எழுதிய சீட்டைக் கிழித்தார்கள். இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது, இருந்து முடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். சரி என்றேன்.

அன்று ஐந்து மணிக்கு என் முறை வந்தபோது எழுந்தேன். நான் ஒரு குடிநோயாளி என்று சொன்னேன். சத்தம் எப்போதும் வருகிற அளவுக்கு வரவில்லை. கடப்பாக்கத்துக்காரர் என்ன சொல்வாரோ என்று அவரைத்தான் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் நடத்துகிற தம்பி, வேறு ஏதாவது பேசுகிறீர்களா அம்மா என்றார். இல்லை என்று உட்கார்ந்துவிட்டேன். டீச்சரம்மா என் பக்கம் திரும்பவில்லை. அது அவர்கள் செய்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

நாற்பத்தைந்து நாளும் முடித்து வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலையில் அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். மருமகள் எனக்கு முன்னாலேயே வந்து கல்லில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததையெல்லாம் மகன் அவளிடம் சொல்லியிருந்தான். நான் கையை நீட்டிக் காட்டினேன். பார்த்தாள்.

"நின்னிச்சி அத்த, பாத்துட்டேன். ஆனா ஆடாத கைய ஆடுதுன்னு மூணு வாரம் காட்டின ஆளு நீ. நாளைக்கு ஆடுற கைய ஆடலன்னு சொல்லமாட்டன்னு நான் எத வெச்சி நம்புறது?"

பேச்சு மகனிடம்தான் முடிந்தது, கை நின்றால் கல் என்னுடையது என்று அவன் சொன்னான் என்றேன். அவன் சொல்லியிருப்பான், ரத்தத்தைக் கழுவினது நான்தானே என்றாள். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள், ஆகவே நானும் உயர்த்தவில்லை. திரும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம். போகிற வழியில் கடை இருக்கிறது, காலையில் கதவு சாத்தியிருந்தாலும் பின்பக்கம் கொடுப்பார்கள். எனக்கு அதுவும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவள் தன் பக்கத்தில் கிடந்த கூடையை நகர்த்தி இடம் விட்டாள்.

"உக்காரு. காரப்பொடி நீ பாரு."

காரப்பொடி என்றால் சுண்டுவிரல் நீள மீன். தலையைக் கிள்ளி, வயிற்றை நெருடிக் கழுவிப் போடுவது. புதிதாக வருகிற பெண்களுக்குத்தான் முதலில் அதைக் கொடுப்பார்கள். அவள் கல்யாணமாகி வந்த புதிதில் நான் அவளுக்கு அதைத்தான் கொடுத்தேன், இரண்டு வருஷம்.

உட்கார்ந்தேன்.

பழைய டவுன்ஷிப் ஆட்கள் சிலர் இன்னும் வஞ்சிரத்தை என்னிடம் நீட்டுவார்கள். அதை அவகிட்ட குடுங்க என்பேன். கை சரியில்லையா என்று கேட்பார்கள். கை நன்றாகத்தான் இருக்கிறது, குடித்துக்கொண்டிருந்தேன், இப்போது இல்லை என்று சொல்லிவிடுவேன். சிலர் மேற்கொண்டு கேட்காமல் நகர்ந்துவிடுவார்கள். ஒன்றிரண்டு பேர் தங்கள் வீட்டில் யாரையாவது பற்றிச் சொல்லிவிட்டு, அந்த இடம் எங்கே இருக்கிறது என்று மெதுவாக விசாரிப்பார்கள். சொல்வேன். விடியற்காலையில் இன்னும் வாய் ஊறுகிறது. அந்த நேரத்தில் டீ போட்டுக் குடித்துவிட்டு வேகமாக நடந்து சந்தைக்கு வந்துவிடுகிறேன்.

காரப்பொடி பதினான்கு மாதம் பார்த்தேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரித்தபோது, அவள் ஒரு கூடை சங்கராவை என் பக்கம் தள்ளிவிட்டாள், அது அரிவாள்மணையில் வெட்டுகிற மீன். அன்றிலிருந்து சங்கராவும் நான்தான் பார்க்கிறேன். வஞ்சிரத்தை நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.